நாலு விரல்

பட்டறைக்காரன் பொன்னுத்துரைக்கு ஒரு வழக்கம். நாய்க்கூண்டோ ஆட்டுப்பட்டியோ, உள்ளே இருக்கப்போகிற உயிரை நிற்கவைத்து அளப்பான். தலைக்கு மேல் நாலு விரல் விட்டுக் கூரை போடுவான். தோப்புக்காரர் கேட்ட மயில் கூண்டையும் அப்படித்தான் முடித்து, மேலே கம்பிவலையை இழுத்துக் கட்டியிருந்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்ட வந்த அன்று வானம் கருத்து இடி இடித்தது. கூண்டுக்குள் விட்டிருந்த ஆண்மயில் தோகையைத் தூக்கியது. நுனிகளெல்லாம் வலையில் போய் மாட்டிக்கொண்டன. உதறி விடுவித்துக்கொண்டு மறுபடி தூக்கியது, மறுபடியும் மாட்டியது. அடுத்த இடி இடித்தபோது அது தோகையை மண்ணில் போட்டபடி சும்மா நின்றது.

பொன்னுத்துரை தாழ்ப்பாளைக் கீழே வைத்தான். "தப்பு என்னோடதுங்கய்யா. கூரையைப் பிரிச்சு உயர்த்திக் குடுத்துடறேன்."

தோப்புக்காரர் சிரித்தார். "எதுக்குப்பா? அதுதான் பழகிக்கிச்சே."

அந்நேரம் பொன்னுத்துரையின் மனைவி செங்கமலம் சாப்பாட்டுத் தூக்கோடு வருவது தெரிந்தது. அவனைவிட ஒரு சாண் உயரமானவள். கல்யாணத்துக்கு முன் தன் கையாலேயே கட்டிய வீட்டுக்கு, வாசல்நிலையின் உயரத்தைத் தானே நின்றுதான் அளந்திருந்தான். அந்த வாசலில் அவள் புழங்கத் தொடங்கிப் பதினோரு வருஷமாகிறது. தோப்பு வாசலில் லாரி நுழைகிற உயரத்துக்கு இரும்பு வளைவு. அதன் அடியில் வந்ததும் செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள்.