அழாத தெரு

தேர்தல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மையின் தலை ஈரமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் முத்தாரம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மை விளையாடுகிற வீட்டில் பெற்றவள் தலைக்குக் குளிக்கமாட்டாள். பிள்ளைக்கு முத்து உதிர்ந்து, வேப்பிலைத் தண்ணீர் விட்டு, அம்மனை அனுப்பிவைத்த பிறகுதான் அவளும் குளிப்பாள். அப்படியென்றால் மூத்தவன் பேச்சிமுத்து பிழைத்துவிட்டான்!

"ஏளா, பிள்ளைக்குத் தண்ணி விட்டாச்சா?"

உலகம்மை மேடையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

முத்தாரம்மாள் பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் பேர். அந்தப் பையனுக்காக மத்தியானமே பழவங்காடிக்கு நடந்துபோய், நடை திறக்கும்வரை காத்துக் கிடந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கூட்டத்துக்கு வந்திருந்தாள். மடியிலிருந்த தேங்காய்ச் சில்லை எடுத்து உலகம்மையின் கையில் வைத்து மூடினாள். கை ஜில்லென்று இருந்தது. குளித்த கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் ஓட்டு என்று மகாராஜா சொன்ன பிறகு வந்த முதல் தேர்தல். ஆரியசாலையில் நாலு வெல்லச் சிப்பத்தை அடுக்கி, மேலே பலகை போட்டு, மஞ்சள்பெட்டிக் கட்சிக்காரர்கள் மேடை கட்டியிருந்தார்கள். கட்சிக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி. வேட்பாளர் சத்தியதாஸ் தகரக் குழாயை வாயில் வைத்தார்.

"பச்சைப்பெட்டிக்காரங்க என்ன சொல்லுகாங்க? வைசூரியில இந்தத் தெருப் பிள்ளைகள் செத்துப்போச்சாம், நாங்க தடுக்கலையாம்! நான் தெனமும் தெருமுனையில வண்டிய நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டவன், கேட்டோ! ஒரு வீட்டுலயாவது ஒரு அழுகைச் சத்தம் உண்டா?"

மனுஷர் பொய் சொல்லவில்லை, பாவம். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளித்தெரு ஆள் நுழைய முடியாது. வாசலில் நின்று கேட்டாலும் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அதனால் காதை நம்பினார். அவர் தெற்கே வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் வாய்விட்டு அழுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், கோயில் மணி அடிப்பார்கள்.

இந்தத் தெருவில் அம்மன் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக்கூடாது. அழுதால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். திரும்பி வந்து, அதே வீட்டில் மற்றதையும் கேட்பாள்.

உலகம்மைக்கு இரண்டே பிள்ளைகள். போன மாதம் சின்னவள் போனாள். விடிகிற நேரம். உலகம்மைக்கு அழுகை தொண்டைவரை வந்துவிட்டது. மூத்தவன் மேலும் அப்போதுதான் முத்துப் போட ஆரம்பித்திருந்தது. முத்தாரம்மாள் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள். கடித்த கடியில் உள்ளங்கையில் ரத்தம் வந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஒரு சத்தம் வெளியே போகவில்லை. அந்த வீடு மட்டுமா? தெருவில் எத்தனையோ வீடு அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது.

"சொல்லுங்க, தாய்மாரே! அழுகை கேட்டவங்க உண்டா?" என்று சத்தியதாஸ் மறுபடியும் கேட்டார்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உலகம்மை எழுந்தாள். தேங்காய்ச் சில்லு கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

ஐயோ, அது என்ன சத்தம்! பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்திருந்தவன் இரண்டடி பின்னால் போய்விட்டான். சத்தியதாஸ் குழாயைக் கீழே இறக்கினார்.

முத்தாரம்மாள் அவளை எட்டிப் பிடித்தாள். தழும்பு விழுந்த அதே கை அவள் வாயைப் பொத்த எழுந்தது.

"வேண்டாம்ளா! மூத்தவன் இருக்கான்லா, அவன நினைச்சுக்கோ!"

உலகம்மை நிறுத்தவில்லை. சின்னவள் பேரைச் சொல்லி அழுதாள். பிறகு இன்னொரு பேரையும் சொன்னாள்.

அப்போதுதான் முத்தாரம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற திரவியத்தைப் பார்த்தாள். உலகம்மையின் புருஷன். அவனும் குளித்திருந்தான். ஈர வேட்டி, முழங்கால்வரை கரமனை ஆற்று மணல். பிள்ளை பிழைத்த வீட்டில் ஆம்பிளை ஆற்றில் முங்கிவிட்டு வரமாட்டான்; புதைத்துவிட்டு வருகிறவன்தான் முங்குவான்.

தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

அழட்டும். இனி அம்மன் அந்த வீட்டுக்கு எதற்கு வரப்போகிறாள்?