ஏழாம் கோட்டையின் கதவு

"தூ! இதுக்காடா எட்டு வருசமா காத்துகினு கெடந்தோம்?"

சவரிநாதன் ரிமோட்டைச் சோபாவில் வீசினார். அது துள்ளி பீம்ராவின் காலடியில் விழுந்து, உள்ளேயிருந்த பேட்டரிகளைத் துப்பியது.

டிவியில் 'ஏழாம் கோட்டை' தொடரின் கடைசிப் பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எட்டு வருடமாக வெள்ளை அரசனின் படையை வாசலிலேயே தடுத்து நிறுத்திய தளபதி பெல்மார், கடைசி ஐந்து நிமிடத்தில் தானே உள்ளேயிருந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். 'இது தோல்வியல்ல, அமைதி' என்று தமிழ் டப்பிங்கில் ஒரு வசனம் வேறு. அவனை நம்பி உள்ளே இருந்த சனமெல்லாம் சங்கிலியில் பிணைபட்டு நடந்து போனது. ஏன் திறந்தான்? அதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

"எழுதுனவனும் நம்மள மாரி காண்ட்ராக்ட் லேபர் போல மாமு" என்றான் தமீம். "பர்மனென்ட் பண்ண மாட்டோம்னு சொல்லியிருப்பானுங்க. கடைசி நாளு கடுப்புல கதைய நாசம் பண்ணிட்டு பூட்டான்."



தமீமும் பீம்ராவும் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அங்கே கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டையைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நிரந்தரமானவர்களுக்கு நீலம். மற்றவர்களுக்கு மஞ்சள். எங்களுக்கும் நீலம் கொடு என்று பதினாறு மஞ்சள் பட்டைக்காரர்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு, நாற்பத்தோரு நாள் உட்கார்ந்தார்கள்.

சங்கச் செயலாளர் சவரிநாதனுக்கு நீலப் பட்டைதான். ஆனாலும் ஒருநாள் விடாமல் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். மத்தியான வெயிலைத் தள்ளுவதற்காக, ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து இந்தத் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்ததும் அங்கேதான். அவருக்குத் 'தளபதி' என்று பேர் வைத்தவன் பீம்ராவ்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குச் சவரிநாதன் மட்டும் உள்ளே போனார். மூன்று மணிநேரம் கழித்து வந்தார்.

"கமிட்டி போடறாங்கோ. ஆறு மாசம் பொறுங்க. எம்மேல நம்பிக்க இருந்தா பந்தல பிரிங்க."

பதினாறு பேரும் ஒரு கேள்வி கேட்காமல் பிரித்தார்கள். வியாசர்பாடி வீட்டில் பீம்ராவின் மனைவி சங்கமித்ரா மட்டும் கேட்டாள். "எழுத்துல எதுனா குடுத்தாங்களாய்யா?" "தளபதியப் பத்தி ஒரு வார்த்த பேசாத" என்று அவளிடம் கத்திவிட்டு, இரண்டு நாளாக அவளோடு பேசாமல் இருக்கிறான் பீம்ராவ்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பகுதியைப் பெரிய டிவியில் பார்க்கலாம் என்று சவரிநாதன்தான் அவர்களைத் திருவொற்றியூர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"கொழந்த குட்டியோட அவன நம்பி உள்ள கீறாங்களேடா! கதவத் தொறக்க எப்டிடா மனசு வரும்?" என்றார் சவரிநாதன். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

பீம்ராவ் குனிந்து பேட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா பீமு, கல்லு மாரி குந்திகினு கீற? உனக்கு சொரணையே இல்லியா?"

"கத தானண்ணா."

"கதையா? துரோகம்டா அது!" டீப்பாயில் ஓங்கித் தட்டினார். டீ டம்ளர் கவிழ்ந்து பீம்ராவின் சட்டையெல்லாம் டீ. "அடச்சே! உள் ரூமு கதவாண்ட துண்டு தொங்குது பாரு. போய் தொடச்சிக்கோ."

"இரு தம்பி, நான் எடுத்தாறேன்!" சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி ஸ்டெல்லாவின் குரல், தேவைக்கு மேல் பதறியது.

அதற்குள் பீம்ராவ் துண்டை உருவிவிட்டான்.

துண்டுக்குப் பின்னால் அதே ஆணியில் ஒரு நீலப் பட்டை தொங்கியது. புத்தம் புதுசு. கசங்கக்கூட இல்லை. அட்டையில் சவரிநாதனின் மகன் ரெஜி சிரித்துக்கொண்டிருந்தான். டிப்ளமோ முடித்து நாலு வருடமாக வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த பையன்.

போட்டோவுக்குக் கீழே அட்டை வழங்கிய தேதி இருந்தது. வெள்ளிக்கிழமை.

பீம்ராவ் அதை இரண்டு தடவை படித்தான்.

ஸ்டெல்லா நிலைப்படியில் வந்து நின்றாள். "தம்பி..." என்றாள். துண்டை வாங்கி, அவளே அவன் சட்டையைத் துடைக்கப் பார்த்தாள்.

"பரவால்லக்கா, காஞ்சிடும்" என்று துண்டைத் திரும்ப வாங்கி, நீலம் வெளியே தெரியாதபடி அதே ஆணியில் மாட்டினான் பீம்ராவ்.

கூடத்தில் சவரிநாதனின் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"வா பீமு, நீயே சொல்லு. நானும் தமீமும் மண்டைய ஒடச்சிகினு கீறோம். எட்டு வருசம் உசுரக் குடுத்து காவந்து பண்ணவன், எதுக்காவ தொறந்து வுட்டான்? அப்டி இன்னாதான்டா குடுத்திருப்பான் அந்த வெள்ள ராசா?"

பீம்ராவ் பேட்டரிகளை ரிமோட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினான். அதைச் சவரிநாதனின் கையில் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினான்.

"கதையில காட்டாம வுட்டுட்டானுங்கண்ணா" என்றான். "அவனுக்கும் வேலயில்லாத புள்ள ஒண்ணு இருந்திருக்கும்."