மூணால வகுபடும்!

"அது பகா எண்ணே இல்லை, மேடம்!"

அரங்கின் நடுவரிசையில் எழுந்து நின்றார் மீதி சார். எந்தக் கணக்குக்கும் "மீதி எவ்வளவு?" என்று கேட்பதால் கல்லூரியில் அவருக்கு அந்தப் பெயர்.

கல்லூரியின் கணித விழா. மேடையில் கணிதத் துறைத்தலைவி. திரையில் பெரிதாக 2147488647. "ஒண்ணையும் இதே எண்ணையும் தவிர, வேற எதுவும் இதை மீதியில்லாம வகுக்காது" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, இவர் எழுந்துவிட்டார்.

"இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாருங்க. அம்பத்தொண்ணு! மூணால வகுபடும். ஸ்கூல் பசங்களுக்கே தெரியுமே!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

துறைத்தலைவி திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு மீதி சாரைப் பார்த்தார்.

"ஆமா சார். தப்புதான். எல்லாரும் மன்னிக்கணும்."

முன்வரிசையில் முதல்வர் முகம் சுளித்தார்.

மீதி சாருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தலைமை நாற்காலி மட்டும் அந்தம்மாவுக்குப் போனதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

ஆசிரியர் அறையிலும் மீதி சாருக்கு அதே பேச்சுதான்.

"எண்ணைக்கூட ஒழுங்கா பார்க்கத் தெரியல, இவங்க எல்லாம் தலைமை!"

"திரைக்கு டைப் அடிச்சுக் கொடுத்தது நீங்கதானே சார்?" என்றார் புள்ளியியல் ஆசிரியை.

"அவங்க வாய்ஸ் மெசேஜ்ல சொன்னதைத்தான் அடிச்சேன். நம்பிக்கை இல்லையா? நீங்களே கேளுங்க!"

செல்போனை மேசையில் வைத்து அழுத்தினார். துறைத்தலைவியின் குரல் நிதானமாக வந்தது.

"ரெண்டு, ஒண்ணு, நாலு, ஏழு, நாலு, எட்டு, மூணு, ஆறு, நாலு, ஏழு."

"எட்டுக்கு அப்புறம் மூணா?" புள்ளியியல் ஆசிரியை இழுத்தார். "அப்போ அது அசல் பகா எண்தான் சார். நீங்க எட்டையே ரெண்டு தடவை தட்டியிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது. மீதி சார் செல்போனைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே போனார்.

துறைத்தலைவியின் அறைக் கதவைத் தட்டினார்.

"மேடம்... அந்த எண்... நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்."

"தெரியும் சார். திரும்பிப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே! முதல்வர், பெற்றோர், பசங்க, அத்தனை பேர் முன்னாடி உங்களை நான்..."

துறைத்தலைவி எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க சார். சபையில ஒருத்தர் தலைகுனிஞ்சாச்சு. ரெண்டு பேர் எதுக்கு?"