குதிரைமேல் இருந்தவர்

அபுதாபியில் இன்னும் திறக்காத ஓர் அருங்காட்சியகத்தில் கார்மேகமும் கூட்டாளிகளும் அந்த ஓவியத்தை மாட்டினார்கள். ஐரோப்பாவில் கொள்ளைநோய் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்து வயல் அது. கூலிகள் குனிந்து கோதுமை அறுக்க, பட்டுச்சட்டைப் பிரபு குதிரைமேல் இருந்தார்.

"நோய்க்குப் பிறகு அறுக்க ஆள் கிடைக்கேல்ல. மிஞ்சின ஆக்கள் கேட்டதுதான் கூலி" என்றாள் அலுவலகத்துப் பிரஷாந்தி.

ஜூலை மாதம். உச்சிவெயிலில், மூன்று மணிவரை, வெளிவேலை கூடாதென்பது சட்டம். காய்ச்சலில் பாதிப் பேர் தொழிலாளர் கேம்பில் கிடந்தார்கள். மறுநாள் மதியம், ஓவியத்தின் கீழே ஓய்வாகப் படுத்திருந்தவர்களிடம் சூப்பர்வைசர் வந்தார்.

"யல்லா! வாசல்ல லாரி நிக்குது. பெட்டியெல்லாம் எறக்குங்க."

எழுந்த கார்மேகம் தற்செயலாக ஓவியத்தைப் பார்த்தான். கூலிகள் மரநிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவனும் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள்.

"மூணு மணிக்கு வர்றோம் சார்."

"எல்லாரையும் ஊருக்கு அனுப்பிருவேன்!"

"அனுப்புங்க சார். அப்புறம் பெட்டிய யாரு எறக்குவா?"

சற்று நேரத்தில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கொதிக்கும் வெயிலில், சூப்பர்வைசர் தானே பெட்டி சுமந்துகொண்டிருந்தார். உள்ளே விசில் பறந்தது. கார்மேகம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நிமிர்ந்தான்.

குதிரைமேல் யாருமில்லை. வயலில் ஒரே ஒருவர், பட்டுச்சட்டையோடு, குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்.