தோளில் ஒரு கை

கணையம் வீங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது ஞானதுரைக்குப் பல வருடப் பழக்கம். அன்று மதியம் மட்டும் அவர் இடது தோளைப் பிடித்திருந்தார்.

“கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டார் நர்ஸ். கூட ஆள் இல்லாதவருக்கு அங்கே ஸ்ட்ரெச்சர்கூட நகராது.

“யாரோ தோள்ல கைய வச்சு அழுத்துற மாதிரியே இருக்கும்மா. பஸ்ல திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.”

நர்ஸ் சிரித்தார். டாக்டர் பர்வீன் சிரிக்கவில்லை. அவரே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடினார்.

“கணையத்து வீக்கம் பக்கத்துல இருக்கிற மண்ணீரலைக் கிழிச்சிருச்சு. உள்ள கசியற ரத்தம்தான் உங்களுக்குத் தோள்ல வலியா தெரியுது. மண்ணீரலை உடனே எடுத்தாகணும்.”

“எடுத்துட்டா, தோள்ல இருக்கிறது?”

“போயிரும்.”

உயிர் போகிற அவசரத்திலும் ஞானதுரை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

மறுநாள் வார்டில் கண் விழித்ததும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். தோள் லேசாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் கட்டிலருகே நின்று அதே கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, உங்ககூட யாரும் இல்லையா?”

“இருந்தாங்கம்மா,” என்றார் ஞானதுரை. “ஆபரேஷன் வரைக்கும் இருந்தாங்க.”