குவாச்சித் தோல் மீன்

“கோகிலன், இந்த மீன யாரு செஞ்சா?”

“அம்மா டீச்சர்.”

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். ஆறு வயது. பொய் சொல்ல இன்னும் பழகவில்லை.

ஆசிரியை அன்பரசிக்கு எரிச்சல் தலைக்கேறியது. அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. அதன் பாலர் வகுப்பில் மொத்தமே பதினான்கு பிள்ளைகள். வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப்போடும் பொருள்களை அட்டையில் ஒட்டி ஒரு மீன் செய்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெற்றோரின் கைபேசிப் புலனக் குழுவில் மூன்று தடவை குரல்பதிவு போட்டிருந்தார்.

“பிள்ளைங்க கையால செய்யட்டும். கோணலா இருந்தாலும் பரவால்ல. நீங்க தொடாதீங்க, ப்ளீஸ்.”

எல்லாரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். அதோடு சரி.

போன வருடம் இப்படித்தான் ஓர் அப்பா செய்து அனுப்பிய அட்டை வீட்டில் பேட்டரி போட்டால் விளக்கு எரிந்தது. அதைத் தானே செய்ததாகச் சொன்ன அவர் மகளுக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கவே தெரியவில்லை. ஆனால் பெற்றோர் நாளுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தன் கையால் ஒட்டி வந்த பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தார்கள். அன்பரசிக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த வருடம் கண்டிப்பு. பெரியவர்கள் கைபட்டது எதுவும் சுவரில் ஏறாது.

சனிக்கிழமை பெற்றோர் நாள். பதின்மூன்று மீன்களை ஒட்டியாயிற்று. ஒன்றுக்குக் கண் வாலில் இருந்தது. இன்னொன்று மீனா முதலையா என்று செய்த பிள்ளைக்கே சந்தேகம். அன்பரசிக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

பதினான்காவதுதான் இது. குவாச்சி விதைகளைக் கொறித்துப் போட்ட தோல்களைப் பொறுக்கி, வரிசை பிசகாமல் செதில் வைத்திருந்தது. முதுகில் கருநீலம், வயிற்றுப் பக்கம் வரவர வெளிர்நீலம். ஆறு வயதுப் பிள்ளை செய்கிற வேலையா இது?

பள்ளி விட்டதும் அவன் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

மாலா கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் வந்திருந்தாள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்கு ஓட வேண்டும்.

“வாங்க கோகிலன் அம்மா. இதக் கொஞ்சம் பாருங்க.”

மேசைமேல் இருந்த மீனைப் பார்த்ததும் மாலாவின் முகம் மாறிவிட்டது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சப்பாத்து முனையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கதான செஞ்சீங்க?”

“ஆமா டீச்சர்” என்றாள் மெதுவாக. “நான்தான்.”

“எத்தன தடவ சொன்னேன்? எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுத்தா, தனக்கு ஒண்ணும் வராதுன்னுதான் பிள்ளை நெனைக்கும்.”

“அவனும் செஞ்சான் டீச்சர்.”

“எங்க அது?”

“வீட்டுல இருக்கும் போல.”

அன்பரசியின் கோபம் இரண்டு மடங்கானது.

“அப்ப, பிள்ளை செஞ்சது அசிங்கமா இருக்குன்னு அத வீட்டுல வெச்சிட்டு, உங்களோடத அனுப்பிட்டீங்க. அவன் மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?”

“ஐயோ, இல்ல லா டீச்சர்! காலையில அவனோடதத்தான் பையில வெச்சேன். இது எப்படி வந்துச்சின்னே எனக்குத் தெரியல.”

மாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லவும் வெட்கம், சொல்லாமல் விடவும் முடியவில்லை.

“இவன் ஒட்டும்போது பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் டீச்சர். பிஸ்கட் பெட்டியில பாதி அட்டை மிச்சம். பசையும் இருந்துச்சி. சும்மா நாலு தோல ஒட்டிப் பாத்தேன். அப்புறம் கைய எடுக்கவே மனசு வரல. அன்னிக்குச் சோறாக்கக்கூட மறந்துட்டேன்.”

அன்பரசி மீனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நாங்கல்லாம் தோட்டத்துல, பெத்தவங்க வேலைக்குப் போனதும் ஆயாக் கொட்டகையில கெடந்தவங்க. கலரு, பசையெல்லாம் யாரு குடுத்தா? முப்பத்தஞ்சு வயசுல உனக்கு இது தேவையான்னு இவங்கப்பா ஒரே சிரிப்பு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சி. அலமாரிக்குப் பின்னால சொருகி வெச்சிட்டேன். இவனோடத நாளைக்குக் கண்டிப்பா கொண்டாந்துர்றேன். சுவத்துல பிள்ளை எடத்த மட்டும் விட்டு வைங்க டீச்சர்.”

அன்பரசிக்குக் கோபம் போய்விட்டது. அவசரப்பட்டுப் பேசிவிட்டோமே என்று சங்கடமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? அப்படியென்றால் மாற்றி எடுத்து வந்தவன் பையன்தான். அழகாக இருப்பதைக் காட்டிப் பேர் வாங்கப் பார்த்திருக்கிறான். இதை இந்த வயதிலேயே திருத்திவிட வேண்டும்.

அவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

“நீ செஞ்ச மீன ஏன்ப்பா எடுத்துட்டு வரல? அம்மா செஞ்சதுதான் அழகா இருக்குன்னா?”

“இல்ல டீச்சர். என்னோடதுதான் அழகு.”

“பின்ன ஏன் இதக் கொண்டுவந்த?”

கோகிலன் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“நான் எது செஞ்சாலும் அம்மா வீட்டுச் சுவத்துல ஒட்டி வெப்பாங்க டீச்சர். அம்மா செஞ்சத ஒட்டத்தான் யாருமே இல்ல.”