காட்டாத முகம்

இன்னும் கொஞ்சம்தான். பிய்த்துவிடக் கூடாது. அது தானாக விழ வேண்டும்.

தாடையோரம் உரிந்து நின்ற தோலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு சுபாஜினி கையை இறக்கிக்கொண்டாள். பிடித்து இழுத்துவிடலாம் போல அரித்தது.

ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த கண்ணாடியில் நெற்றியும் கன்னமும் ஏறக்குறைய ஆறியிருந்தன. புதுத்தோல் இளஞ்சிவப்பாக, யாரோ ஒரு சின்னப்பெண்ணிடம் இரவல் வாங்கியதைப் போல இருந்தது. கிறீமை ஒரு பொட்டளவு எடுத்து, தேய்க்காமல் ஒற்றினாள்.

வெளியே நமுனுகுல மலை மேகத்துக்குள் போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் ஆண்கள் தறப்பாள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. மொனராகலையிலிருந்து சொந்தக்காரர்கள் விடியும் முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். அன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்க யாரும் பெரட்டுக் களத்துக்குப் போகவில்லை.

யாரோ ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேன் பண்டாரவளையைத் தாண்டிவிட்டதாம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்த கொழுந்தன் புவனேந்திரன் போன் பண்ணியிருந்தான்.

கஜேந்திரன் வருகிறான்.

கட்டாருக்கு வேலைக்குப் போன புருஷன் தீபாவளிக்குத்தான் வருவதாக இருந்தது. அதை நம்பித்தான் அவள் மாமியிடம் சாரி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பதுளை பஸ் ஏறினாள். அவன் வருவதற்குள் முகம் நன்றாகத் தேறிவிடும் என்று நினைத்தாள். இப்படி முன்னாலேயே வருவான் என்று யார் கண்டது.

அவன் ஒரு நாளும் அவள் முகத்தைக் குறை சொன்னதில்லை. அவளே பார்த்துவிட்டாள். வீடியோ கோலில் அவன் முகம் திரை முழுக்க இருக்கும். மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவள் இருப்பாள். கொழுந்து பறித்த மலையின் வெயிலெல்லாம் கன்னங்களில் கறுப்புத் திட்டாக இறங்கியிருக்கும். அவன் பேசப் பேச அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதைத்தானே இவர் அங்கே முழுத்திரையில் பார்க்கிறார் என்று தோன்றும்.

மேல்தோலை உரிக்கும் மருந்தைப் பூசும்போதே பதுளை பார்லர்க்காரி காமிலா எல்லாம் சொல்லிவிட்டாள். சவர்க்காரம் கூடாது. வெயில் கூடாது. அடுப்புச் சூடு கூடாது. உரியும் தோலில் நகம் படவே கூடாது. சுபாஜினி காய்ச்சல் என்று பொய் சொல்லி மலைக்குப் போகாமல் உள்ளேயே கிடந்தாள்.

தோல் கறுத்துச் சுருங்கி உரியத் தொடங்கியதும் பொய் நிற்கவில்லை. பக்கத்துக் காம்பறாவின் கனகம் எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டி, புருஷன் வரப்போறான்னு பாம்பாட்டம் சட்டை உரிக்கிறியா?”

லயமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வாயோரம் வெடித்து எரிந்தது.

அன்று மாலை அவன் அழைத்தபோது போனைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். முகத்தைக் காட்டச் சொன்னான். தகரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறேன் என்று கேட்டான். நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான்.

அவன் கெஞ்சுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே காட்டவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது.

பின்கதவைத் திறந்து ஆண்கள் பெட்டியை இறக்கினார்கள்.

வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவன் மயங்கி விழுந்தான், எழவில்லை என்று மட்டும்தான் அங்கிருந்து சொன்னார்கள். அவன் கெஞ்சிய அந்தக் கோலுக்கு மறுநாள் அது.

மாமி ஜெயலெட்சுமி பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். மூடியில் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். சுபாஜினி குனிந்து பார்த்தாள். வெயிலில் கருகிய அவன் முகத்துக்கு யாரோ பவுடர் பூசி வெளுக்க வைத்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள், அவன் பார்ப்பதற்கு நேரம் கொடுப்பதைப் போல.

கண்ணீர் இறங்கிய வழியெல்லாம் எரிந்தது. கண்ணீரைப் பற்றிக் காமிலா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பெண்கள் அவளை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். கனகம் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள். பெட்டியைத் தூக்கும் முன் மனைவிக்குக் கடைசியாக ஒரு முறை முகம் நிறைய மஞ்சள் பூசி, பெரிய பொட்டிட்டு, பூ வைத்து, புருஷன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிறகு அதே கைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடும். மாமனார் போனபோது மாமிக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது மாமியே எதிரில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“முகத்தக் குடு புள்ள. எம்மகன் கண்ணு நெறையப் பாத்துட்டுப் போகட்டும்.”

சுற்றி நின்ற பெண்கள் காத்திருந்தார்கள். கனகம் அவள் தோளை மெல்ல முன்னால் தள்ளினாள்.

பூசிவிட்டால் அடியில் இருக்கும் புதுத்தோல் அவனுக்குத் தெரியாது.

சுபாஜினி மாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக, நோகாமல், அதைக் கீழே இறக்கினாள்.

“வேணாம் மாமி. எரியும்.”